பதினைந்தடித் தலைவர்

துணி விலகியது. மருத்துவமனையின் வெளிச்சுவரில் தலைவர் பதினைந்தடி உயரத்துக்கு நின்றார், கையில் தரை துடைக்கும் மாப்போடு. காலடியில், 'வெளிநாட்டிலிருந்து வந்து இந்நகரைத் தாங்கும் கரங்கள்' என்று கொட்டை எழுத்து.

தலைவர் என்றால் குடியேறியவர்கள் சங்கத்துக்கு. மொத்த உறுப்பினர் பதினொன்று. அதில் நாலு பேர் எப்போதும் கோபித்துக்கொண்டு விலகியிருப்பார்கள். தலைவரின் பிழைப்பு, காப்பீடு விற்பது. மாப்பைத் தொட்டது படத்துக்கு நின்ற அன்று மட்டும்தான்.

பத்தொன்பது வருடமாக இந்த வார்டுகளைத் துடைப்பவன் அவர் மனைவியின் தம்பி. அவனுக்கு இங்கத்திய மொழி ஏறவில்லை. கடிதம் எது வந்தாலும் அத்தானிடம் கொண்டுவந்து நீட்டுவான். ஆறு மாதம் முன்பும் மருத்துவமனையிலிருந்து வந்த ஒன்றை நீட்டினான்: நர்சுகள் எல்லோரும் உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள், சுவரில் உங்களை வரையலாமா?

"ஒண்ணுமில்ல மச்சான், ஏதோ விளம்பரம்" என்றார் தலைவர். 'எனக்கு விருப்பமில்லை, எங்கள் தலைவரை வரையுங்கள்' என்று அவன் பெயரிலேயே பதில் போட்டார். சங்கத்து நாடகத்துக்கு என்று சொல்லி அவன் சீருடையையும் வாங்கிப்போனார்.

விழா மச்சானின் வேலை நேரத்தில்தான். ஆனால் துப்புரவாளர்களுக்கு அரை மணி விடுப்பு கொடுத்துத் தொலைத்துவிட்டார்கள்.

"அத்தான், என் சட்டை உங்களுக்கு எடுப்பா இருக்கே! நாடகம்னீங்க?" என்று மச்சான் அண்ணாந்து பார்த்தான். "ஆனா மாப்பை அப்படிப் பிடிச்சா சாயங்காலத்துக்குள்ள இடுப்பு போயிடும்."

தலைவர் சிரிக்கப் பார்த்தார். வாய் ஒத்துழைக்கவில்லை. அதற்குள் மூத்த நர்சு ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மச்சானின் கையைப் பிடித்து ஏதோ கேட்டார். கண் கலங்கியிருந்தது.

"என்ன சொல்றாங்க, அத்தான்?"

"என்னைப் பாராட்டுறாங்க."

"உங்களைப் பாராட்ட என் கையை எதுக்குப் பிடிக்கணும்? என் பேரும் காதுல விழுந்துச்சே."

தலைவருக்குக் காது மடல் சுட்டது. கடைசியில் தரையைப் பார்த்தே சொன்னார்: "உன்னைத்தான் வரையச் சொன்னோம், ஏன் வேண்டாம்னு எழுதினே, எங்க மேல என்ன கோபம்னு கேக்கறாங்க. அதை... நான்தான் எழுதினேன்."

மச்சான் மறுபடி சுவரைப் பார்த்தான். திட்டியிருந்தால் தலைவர் பிழைத்திருப்பார்.

"கேட்டிருந்தா நானே விட்டுக்குடுத்திருப்பேனே" என்றான். "சரி, பாவம், அவங்க நிக்கறாங்க. எனக்குக் கூச்சம், அதான் வேண்டாம்னுட்டேன்னு சொல்லுங்க."

தலைவர் சொன்னார், ஒரு சொல் விடாமல்.

நர்சு நிம்மதியாகச் சிரித்தார். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, நல்லவேளை இவருக்கு நீங்கள் இருக்கிறீர்கள் என்றார்.

"இப்ப என்ன சொன்னாங்க?" என்றான் மச்சான்.