பிடுங்க வராத கம்பம்

1994 சித்திரையில் பீளமேட்டு மில் லைனில் மாரியாத்தாளுக்குப் புருசனாக நட்ட கம்பம், வழக்கப்படி பதினைந்தாம் நாள் பிடுங்கியபோது வரவில்லை. அதற்கடுத்த ஐந்து வருசமும் வரவில்லை. கை மொத்தத்தில் ஒரு வேப்பங்கொம்பு, உச்சியில் மூன்று கவடு, குழி ஒன்றரை முழம்தான். நான்கு பேர் இழுத்ததில் உள்ளங்கைத் தோல் உரிந்ததே மிச்சம்.

மில் மூடி இரண்டு வருசம் ஆகியிருந்தது. இடத்தை வாங்கிய கம்பெனி அங்கே அடுக்குமாடி கட்டப்போவதாகச் சொன்னது. லைனில் இருபத்திரண்டு வீடுகள், எல்லாம் முப்பது வருசம் பஞ்சுத் தூசி தின்ற குடும்பங்கள். காலி செய்ய நோட்டீஸ் வந்தபோது கம்பம் நட்டாகிவிட்டது. கம்பம் நிற்கையில் ஊரில் இருப்பவர்கள் இரவு வெளியே தங்கக் கூடாது, கல்யாணம் கூடாது. கம்பெனி மேனேஜர் லட்சுமணசாமியும் இந்தப் பக்கத்துக்காரர்தான். "கம்பம் எடுத்த மறுநாள் காலி பண்ணிப்போடோணுமுங்க" என்று சொல்லி அதையே முத்திரைத் தாளில் எழுதிக் கொடுத்தார். தேதி எழுதவில்லை. பிடுங்க வராத கம்பத்தை அவர் பார்த்ததில்லை.

கிரேன் வந்து சங்கிலி கட்டி இழுத்தது. கிரேனின் முன்சக்கரம் அச்சு வரை புதைந்தது, கம்பம் நின்றது. எவ்வளவு ஆழம் என்று பார்க்க அதை ஒட்டி போர் போட்டார்கள். முந்நூறு அடியிலும் பச்சை வேப்ப மரத்தூள் வந்தது. போர்க்காரர் பாறை, மண் என்று எழுதும் தாளில் மரம் என்று எழுதிவிட்டு வண்டியைத் திருப்பினார். அறுத்துவிடச் சொன்ன என்ஜினீயரிடம் லட்சுமணசாமி, "ஆத்தா புருசன் மேல ரம்பம் வெக்க நான் ஆளில்லீங்க, வேணும்னா நீங்களே வையுங்க" என்றார். என்ஜினீயரும் வைக்கவில்லை. கோர்ட்டு அந்த முத்திரைத் தாளைப் பார்த்துவிட்டு, கம்பம் நிற்கும்வரை இருக்கலாம் என்றது.

முதல் வருசம் லைன்காரர் அங்கப்பன் தன் மகளின் பிரசவத்துக்கு அவிநாசி போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டார். திரும்பி வந்தால் அவர் வீடு இல்லை. இடித்த தடமும் இல்லை, புல் முளைத்திருந்தது. கம்பெனி அன்றைக்கே அங்கே வேலி போட்டது. அதன்பின் ஒவ்வொருத்தராக எழவுக்கோ வேலைக்கோ போய்த் தங்கினார்கள், ஒவ்வொரு வீடாகப் புல்லானது. ஐந்தாம் வருசம் ஒன்பது மிஞ்சின.

அதில் ஒன்று மாசாணத்தின் வீடு. மூன்றாம் வருசம் அவருக்கு நெஞ்சில் பஞ்சு அடைத்திருந்ததால் பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் படுக்கச் சொன்னார்கள். "ராத்திரிக்கு ஊட்டுக்குப் போயிரோணுமுங்க" என்று அவர் தினமும் பொழுது சாய பஸ் ஏறினார். நாலாம் நாள் இறங்க வேண்டிய ஹோப்ஸ் நிறுத்தத்தில் பஸ் சீட்டில் உட்கார்ந்தபடியே செத்திருந்தார். மகள் அன்புக்கரசிக்கு நிச்சயம் செய்திருந்த சத்தியமங்கலத்து மாப்பிள்ளை இரண்டு வருசம் காத்திருந்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார்.

1999 வைகாசியில் மறுபடியும் ஒரு வரன் வந்தது. லேத்துப் பட்டறைக்காரர், இரண்டு மாதம் பொறுப்பதாகச் சொன்னார். அன்புக்கரசிக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது. வழக்கம்போல் காலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றப் போய் அவள் கை வைத்ததும் கம்பம் ஆடும் பல்லைப்போல் அசைந்தது. தூக்கினாள். ஒரு சாண் மேலே வந்தது. குழிக்குள் வேரும் இல்லை, ஆழமும் இல்லை, ஈர மண்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது வாசலிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா காளியாத்தாள் வாசலிலிருந்தே கேட்டாள். "ஏன் அம்மணி, கம்பம் ஆடுதா?"

அன்புக்கரசி கம்பத்தை உள்ளே அழுத்தி, குதிகாலால் மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தினாள்.

"இல்லீங்கம்மா. கெட்டியாத்தான் நிக்குது."

"அப்ப அந்த லேத்துக்காரருக்கு என்ன சொல்றது?"

"வேற எடம் பாத்துக்கச் சொல்லிப்போடுங்க."

அந்த வருசக் கடைசியில் கம்பெனி வரைபடத்தை மாற்றி, ஒன்பது வீட்டையும் விட்டு மதிலை வளைத்துக் கட்டியது. அன்புக்கரசி நாளுக்கு மூன்று குடம் ஊற்றுகிறாள். தை மாதம் கம்பம் துளிர்த்தது.