அபிராமி ஓட்டிய மிஷின்

எல்லையில் சண்டை மூண்ட மறுநாளே, நெருப்பெரிச்சல் ஊரில் நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங் கம்பெனியின் இரண்டு ஆபரேட்டர்களும் ரயிலேறிவிட்டார்கள். இருவருக்கும் பஞ்சாபில் எல்லையோரக் கிராமம். பெற்றவர்களைப் பார்க்க ஓடாமல் என்ன செய்வார்கள்? ராணுவத்துக்குப் பனியன் தைக்கும் முதலிபாளையத்துக் கம்பெனிக்கோ நாளை மாலைக்குள் இருபது ரோல் துணி போயாக வேண்டும்.

முதலாளி மகுடேஸ்வரன் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு ஓய்ந்துபோனார். துணியைச் சோதிக்கும் செக்கிங் மேசையிலிருந்து அபிராமி எழுந்து வந்தாள். உசிலம்பட்டிக்காரி. கணவன் முனீஸ் காஷ்மீரில் சிப்பாய். இரண்டு நாளாக அவனிடமிருந்து போனே இல்லை.

"முதலாளி, நான் ஓட்டுறேன்."

"வெளையாடாதீங்க அம்மிணி. இந்த மிஷினப் பொம்பளைங்க ஆரும் தொட்டதில்லீங்க."

"தொட விட்டாத்தானே? ஆறு வருசமா இதுல வர்ற துணியப் பாக்குறேன். நூல் அறுந்தா தானா நின்னுரும். ஊசி ஒடிஞ்சா நிக்காது, துணியில கோடு விழும். அந்தக் கோட்டக் கண்டுபிடிச்சுச் சொல்றதே நான்தானே?"

அவர் தலையைச் சொறிந்தார். "சரிங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

சேலைத் தலைப்பை இறுகச் செருகிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். மிஷின் சுழன்றது. முதல் ரோல் இறங்கியதும் செக்கிங் பெண்கள் கைதட்டிக் கூவினார்கள். தோழி ஒச்சம்மாளும் அடுத்த மிஷினை ஓட்ட வந்து நின்றாள்.

மறுநாள் பதினான்காவது ரோல் ஓடும்போது போன் அடித்தது. முனீஸ்.

"அபி, நல்லாருக்கேன். என்னா இரைச்சல் அது?"

"மிஷினு! நான்தான் ஓட்டுறேன்!"

"நீயா?"

துணியில் மெல்லிய கோடு ஒன்று இறங்கியது. "வைங்க, ஊசி ஒடிஞ்சிருச்சு!"

மிஷினை நிறுத்தினாள். உதவ நீண்ட முதலாளியின் கையை விலக்கி, "டார்ச் மட்டும் பிடிங்க" என்றாள். ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒடிந்ததைத் தேடிப்பிடித்து மாற்றினாள். மறுபடி ஓட்டினாள். கோடு இல்லை. ஒச்சம்மாள் விசிலே அடித்துவிட்டாள்.

நாலரைக்கு இருபதாவது ரோல் வேனில் ஏறியது. அன்று மாலையே சண்டை நின்ற செய்தியும் வந்தது.

இரண்டு வாரத்தில் ஆபரேட்டர்கள் திரும்பினார்கள். மகுடேஸ்வரன் தயங்கித் தயங்கி வந்தார். "அம்மிணி, பழையபடி செக்கிங்..."

"பகல் ஷிப்ட் எங்களுக்கு முதலாளி. ராத்திரி ஷிப்ட் அவங்களுக்கு."

மூத்த ஆபரேட்டர் சிரித்துக்கொண்டே தன் ஊசி டப்பாவை அவளிடம் நீட்டினார். அபிராமி அதை வாங்கிக்கொண்டு மிஷினைப் பார்த்து நடந்தாள்.