அடியில் தங்கிய மருந்து

“ஆட்டாதீங்க! கலங்கிறப் போகுது!”

நிரோஜா போட்ட சத்தத்தில் புருஷன் அழகமுத்துவின் கை அப்படியே நின்றது. அவன் கையில் இருந்தது மகள் மதுஷிகாவின் காது வலிக்குக் குடிக்கக் கொடுக்கப் பாமசியில் வாங்கிய வெள்ளை மருந்துப் போத்தல். அசையாமல் வைத்ததில் மருந்து மேலே தெளிந்து, அடியில் மாவுபோல் தடித்துக் கிடந்தது.

பலாபத்வலைக்கு மேலே, அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் குழாயைத் திறந்தால் செம்மண் தண்ணீர்தான் வரும். பிடித்து வைத்து, தெளியவிட்டு, மேல்நீரை அலுங்காமல் மொண்டுதான் நிரோஜா உலை வைப்பாள். அடியில் தங்கும் மண்டியை வாசலில் கொட்டிவிடுவாள். மருந்துக்கும் அதே பக்குவம்தான். போன மாதம் வாங்கிய இருமல் பாணி மருந்து கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்ததே! இதில் ஏதோ அழுக்கு என்று நினைத்தாள். தெளிந்ததை மட்டும் கரண்டியில் சாய்த்துப் பிள்ளைக்குக் கொடுத்துவந்தாள்.

காது வலி காய்ச்சலானது. காய்ச்சல் அனலானது. காதுக்குப் பின்னால் புடைத்து வீங்கியபோது, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இருவரும் மாத்தளை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

வார்டில் தாதி பிரசாந்தி, அவர்கள் கொண்டுவந்த போத்தலை வெளிச்சத்தில் பிடித்தாள்.

“மருந்து முழுக்க அடியிலயே இருக்கே! புள்ளைக்கு என்னத்தம்மா குடுத்தீங்க?”

“தெளிஞ்சத, மிஸ்.”

பிரசாந்தி தலையில் கை வைத்தாள். “இருமல் பாணி, பிளேன்டீயில சீனி போட்ட மாதிரி. கரைஞ்சிரும், எந்த மடக்குலயும் ஒரே இனிப்பு. இது தண்ணியில கோதுமை மாவைக் கலக்கின மாதிரி. கலந்திருக்கும், கரையாது. சும்மா வச்சா அடியில உக்காந்துரும். ஆட்டித்தான் குடுக்கணும். கடையில சொல்லலியா? போத்தல்ல சிங்களத்துலயும் இங்கிலீசுலயும் எழுதியிருக்கே!”

நிரோஜாவுக்குத் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ளத் தோன்றியது. ஆனால், “காது கேக்குமான்னு வீக்கம் வத்தினாத்தான் சொல்லலாம்” என்று டொக்டர் சொன்னதும் அந்த ஆத்திரம் திசை திரும்பியது. புருஷனைப் பிள்ளையோடு விட்டுவிட்டு, போத்தலும் கையுமாகப் பாமசிக்குப் பாய்ந்தாள்.

முதலாளி ராஜநாயகம் யாருடனோ சிங்களத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சிரிப்பு அணைந்தது.

“வரிசையில வாம்மா.”

போத்தலை மேசையில் ‘டொக்’கென்று வைத்தாள். “இத ஆட்டிக் குடுக்கணும்னு ஏன் சொல்லல?”

“அதான் எழுதியிருக்கே. வாசிக்கத் தெரியாட்டி நான் என்ன செய்ய? ஒங்க தோட்டத்து ஆளுகளுக்கு ஊட்டியா விடணும்?”

“தமிழ்ல எங்க எழுதியிருக்கு? வெரல வச்சுக் காட்டுங்க! அன்னைக்கு எனக்கு முன்னால நின்ன சிங்கள நோனாவுக்கு, அவங்க பாஷையில ஒவ்வொண்ணா வெளங்கப்படுத்தினீங்களே. எனக்குச் சொல்ல வாய் வலிச்சதா? ஒங்க வீட்டுலயும் தமிழ்தானே பேசுறீங்க?”

நிரோஜா போத்தலைத் தூக்கிப் பிடித்தாள்.

“நல்லாப் பாருங்க. மேல தெளிவா நிக்கிறது நீங்க. அடியில கெடக்குறது நாங்க. நான் மருந்த மண்டின்னு நெனச்சேன். நீங்க மனுசங்களையே அப்படி நெனச்சீங்க!”

ராஜநாயகம் தலையைக் குனிந்துகொண்டு பேனாவை எடுத்தார். வரிசையில் அடுத்து நின்ற ஹவ்வா என்ற பெண்ணின் மருந்துப் போத்தலில் தமிழில் எழுதினார்: ‘நன்றாகக் குலுக்கிக் கொடுக்கவும்.’

“புள்ள... இப்ப எப்படி?” என்றார், தாழ்ந்த குரலில்.

“கூப்பிட்டா திரும்பிப் பாப்பாளான்னு தெரியாது.” அவள் கண் அவரை விடவில்லை. “எழுதினா மட்டும் பத்தாதுங்க. எழுத்துத் தெரியாதவங்களும் வருவாங்க. வாயத் தொறந்து, அவங்களுக்கு வெளங்குற பாஷையில சொல்லுங்க. சொல்லாம குடுக்குற மருந்து பாதி மருந்துதான். மிச்சப் பாதி ஒங்க வாய்க்குள்ளயே தங்கிருது!”