எல்வுட்டின் பெட்டிகளும் ஹார்லனின் மலையும்

பென்சில்வேனியாவின் அந்தச் சின்ன ஊரில், தீயணைப்பு நிலையத்தின் நிலவறையில் கூடும் சங்கத்தில் ‘பொம்மை ரயில்’ என்று வாய் தவறிச் சொன்னவருக்குக் காபி கிடைக்காது. மாதிரி ரயில் என்று சொல்ல வேண்டும். நரைத்த தலைகள் சேர்ந்து கட்டைவிரல் உயர எஞ்சினை மலைமேல் ஏற்றுவார்கள்; மேலே கொண்டுபோன நிலக்கரியை அப்படியே கீழே கொண்டுவருவார்கள். இதற்கு அட்டவணை உண்டு, தாமதமானால் விசாரணையும் உண்டு.

தலைவர் ஹார்லன் ஷ்லேகல் ஆயுள் காப்பீடு விற்று ஓய்வுபெற்றவர். சங்கத்தில் சேர்ந்த மறுவாரமே தன்னைப் ‘பொது மேற்பார்வையாளர்’ ஆக நியமித்துக்கொண்டு, அதற்கேற்ற தொப்பியையும் தானே வாங்கிக்கொண்டார். நூலகர் எல்வுட் டிரெக்ஸ்லர். நூலகம் என்பது மலைக்கு அடியில், மேசையின் கீழ் நெருக்கித் திணித்த பெட்டிகள். உள்ளே ஐம்பது வருடத்து மாதிரி ரயில் இதழ்கள். தேயிலைச் சக்கையில் புதர் செய்வது, பல்குத்தும் குச்சியில் கோழிக்கூடு கட்டுவது என்று எது கேட்டாலும் எல்வுட் மண்டியிட்டுத் தவழ்ந்து போய் எடுத்துவருவார். கதையில் அரக்கனுக்குக் கிளியில் உயிர் என்றால், எல்வுட்டுக்கு அந்தப் பெட்டிகளில்.

அந்தக் கிளியின் கழுத்தைத் திருகத்தான், பெட்டிகளைத் தூக்கிப்போட வேண்டும் என்று ஹார்லன் தீர்மானம் கொண்டுவந்தார். எல்லாம் இணையத்தில் கிடக்கிறதாம். மேசைக்கடியில் புதிய கட்டுப்பாட்டுக் கணினி வரப்போகிறதாம். முன்மொழிந்து, வழிமொழிந்து, கை தூக்கி வாக்கெடுத்தார்கள். எதிராக எல்வுட்டின் கை மட்டும் எழுந்தது. மரங்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்த மார்லீன் ஃபென்ஸ்டர்மாக்கர் இரண்டு பக்கமும் கை தூக்கவில்லை; கையில் ஒரு பைன் மரம் ஒட்டிக்கொண்டிருந்தது.

நன்றி நவிலல் பண்டிகை முடிந்த சனிக்கிழமை, ஊரார் பார்வைக்குச் சங்கம் திறக்கும் நாள். அன்று காலையிலேயே பெட்டிகளைப் பழைய காகிதம் அள்ளும் லாரிக்காக நடைபாதையில் அடுக்கச் சொல்லிவிட்டார் ஹார்லன். எல்வுட் ஒவ்வொன்றாகச் சுமந்தார். பிணத்துக்குப் பின்னால் நடப்பவர்கூட அவ்வளவு மெதுவாக நடக்க மாட்டார்.

கடைசிப் பெட்டியை இழுத்ததும் மேசை ஒரு பெருமூச்சு விட்டது.

மலை இறங்கியது. உச்சியில் கம்பீரமாக நின்ற நிலக்கரி வண்டி சற்று யோசித்துவிட்டுப் பின்பக்கமாகப் புறப்பட்டது. தேவாலயத்தைத் தொட்டுக் கும்பிட்டு, பசுமாடுகள் நடுவே போய்ப் படுத்தது. ஹார்லன் பாய்ந்து மேசைக்கடியில் புகுந்து, இரு கைகளையும் முதுகையும் கொடுத்து மலையைத் தாங்கினார். தொப்பி உருண்டோடியது.

குனிந்து பார்த்த மார்லீன்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தாள். மலைக்கு நடுவில் இருக்கவேண்டிய மேசைக்கால் இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ இன்னொரு பெட்டி நுழையட்டும் என்று அதை ரம்பத்தால் அறுத்து எடுத்திருக்கிறார்கள். இந்தக் கூட்டத்தைத் தவிர உலகில் வேறு யாருக்கும் அந்தப் புத்தி தோன்றாது.

“இத்தன வருசமா மலையத் தாங்குனது புத்தகந்தான்யா” என்றாள். “மேற்பார்வையாளர் ஐயா, அடிப்பார்வை எப்படி இருக்கு?”

“பெட்டியக் கொண்டாங்கடா, முதுகு போகுது” என்றார் ஹார்லன்.

எல்வுட் தெருவுக்கு ஓடினார். காகித லாரி மூலை திரும்பி வந்துகொண்டிருந்தது. முழங்கால் வலிக்காரர் என்று யாரும் நம்பமாட்டார்கள். லாரிக்கு முன்னால் போய் நின்று, இரு கையையும் விரித்து, ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுத்து அடுத்த தெருவுக்குப் போய்ச்சேரும்வரை நகரவில்லை. பிறகு ஒரு பெட்டியை அணைத்தபடி உள்ளே வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“தீர்மானம் போட்டு வெளிய அனுப்பிச்சதுய்யா இது. தீர்மானம் இல்லாம எப்படி உள்ள வரும்? சங்கத்துக்கு ஒரு மரியாத வேணாமா?”

இது ஹார்லன் மாதாமாதம் சொல்லும் வசனம். மலைக்கடியிலிருந்து எழுத்தில் போடமுடியாத ஒரு சொல் வந்தது.

மார்லீன் நாற்காலியில் ஏறி நின்று முறைப்படி நடத்தினாள். பெட்டிகள் என்றென்றைக்கும் மலைக்கடியிலேயே இருக்கவேண்டும், ஆதரிப்பவர்கள்? எல்லாக் கைகளும் எழுந்தன. எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்று சொல்லிவிட்டு மேசைக்கடியை நெடுநேரம் பார்த்தாள். அங்கிருந்த இரண்டு கைகளும் மலையில் இருந்தன.

“ஒருமனதா நெறவேறிச்சு.”

பெட்டிகளைக் கொண்டுவர எல்லோரும் வெளியே ஓடினார்கள். ஓடியவர்கள் திரும்பவில்லை. எல்வுட் போய்ப் பார்த்தால், நவம்பர் குளிரில் நடைபாதை ஓரமாக வரிசையாக உட்கார்ந்து, பெட்டிக்கு ஒருவராகத் திறந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள். பார்வையாளராக வந்தவர்களும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். திட்டவேண்டும் என்றுதான் எல்வுட் வாயைத் திறந்தார். பக்கத்து ஆள் மடியில் விரிந்திருந்த தண்ணீர்த்தொட்டி வரைபடம் கண்ணில் பட்டது. வாய் திறந்தபடியே உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து, அரை டஜன் பெட்டிகளை ஒருவழியாகப் பிடுங்கிக்கொண்டு எல்வுட் உள்ளே வந்தபோது நிலவறை அமைதியாக இருந்தது. ஹார்லன் அதே கோலத்தில், வியர்வை சொட்ட, குனிந்து நின்றார். காலையில் இழுத்த கடைசிப் பெட்டியிலிருந்து சரிந்த ஓர் இதழ் அவர் மூக்குக்கு நேர் கீழே விரிந்து கிடந்தது.

எல்வுட் அவசரமாக முதல் பெட்டியைத் தள்ளப் போனார்.

“இருய்யா, மறைக்காத” என்றார் ஹார்லன். “அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் திருப்பு.”