மஞ்சள் அடித்த வரிகள்

பாய்லர் ஆபரேட்டருக்குப் புத்தகம் படிப்பதைவிட, புத்தகத்தை எப்படிப் படிப்பது என்று பேசுவதில்தான் ஆசை அதிகம். முதலில் தலைப்புகளை மேய வேண்டும், அடுத்து பாடத்தின் கடைசிக் கேள்விகள், அப்புறம் முக்கியமான வரிகள் மட்டும் என்று கேன்டீனில் வகுப்பே எடுப்பார். எல்லாம் போனில் பார்த்த வீடியோக்களின் புண்ணியம்.

இந்தத் தடவை பாய்லர் சான்றிதழ்த் தேர்வில் தேறியே ஆகவேண்டும். தேறினால் சீனியர் என்ற முறையில், காலியாகப் போகும் சூப்பர்வைசர் நாற்காலி அவருக்கு. தேறாவிட்டால், போன வருடமே தேறிவிட்ட மைத்துனனுக்கு. மனைவியின் தம்பி, இவரே சிபாரிசு செய்து வேலைக்குச் சேர்த்துவிட்ட பொடியன். அவனை 'சார்' என்று கூப்பிடுவதை நினைத்தாலே அவருக்கு வயிறு எரிந்தது.

தடித்த பாடப்புத்தகத்தை அவன்தான் கொடுத்தான். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் மார்க்கர். ஆபரேட்டருக்கு வாயெல்லாம் பல். முக்கியமானதைப் பொறுக்கும் வேலை மிச்சம் என்று மஞ்சளை மட்டும் படித்தார். வால்வு, தண்ணீர் மட்டம், பிரஷர் கேஜ், எல்லாம் தொண்டையில் சிக்காமல் இறங்கின. எல்லாம் படிக்கிற முறையில் இருக்கிறது என்று மார்தட்டிக்கொண்டார்.

"மஞ்சள் எதுக்குன்னு தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க," என்றாள் மனைவி.

"அவன்கிட்டப் போய் நான் பாடம் கேட்கணுமா?"

தேர்வு அறையில் வினாத்தாளை முன்னும் பின்னும் புரட்டினார். வெப்பக் கணக்கு, சட்டப் பிரிவுகள் என்று ஏதேதோ இருந்தது. மஞ்சளில் படித்தது ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு வந்து, கேள்வி எடுத்தவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று திட்டித் தீர்த்தார். புத்தகத்தைத் திரும்ப வாங்க வந்திருந்த மைத்துனன் விழித்தான்.

"அதெல்லாம் மஞ்சள் அடிக்காத வரியில இருந்துச்சே அத்தான். வேலையிலயே நமக்குத் தெரிஞ்சதுக்குத்தான் மஞ்சள் அடிச்சேன். அதையே திரும்பப் படிச்சு நேரத்தை வீணாக்க வேண்டாம்னு."

மனைவி அவசரமாக அடுப்படிக்குள் போனாள். ஆபரேட்டர் புத்தகத்தை அவன் கையில் திணித்தார்.

நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே புது சூப்பர்வைசர் பாய்லர் அறையில் எல்லோருக்கும் பாதுகாப்புக் கையேடு கொடுத்தான். ஆபரேட்டர் புரட்டினார். உள்ளே அங்கங்கே பச்சை அடித்திருந்தது. அத்தனை பேர் பார்க்க, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"இந்தப் பச்சை எதுக்கு, சார்?"