டெல்ஃபினுக்குக் கிடைத்த இரண்டு நிமிடம்

சபையின் கீழ்த்தளக் கூடத்தில், ஓய்வுபெற்ற நர்ஸ் வெர்லின், டெல்ஃபினின் கையிலிருந்து ரத்த அழுத்தப் பட்டையைக் கழற்றினாள்.

"நூத்தி எழுபத்தெட்டு. கூட்டம் முடிஞ்சதும் மறுபடி பாப்பேன். இறங்கலேன்னா நேரா ஆஸ்பத்திரி."

"ரெண்டு மணிக்கு வேலை இருக்கே, அக்கா."

"அந்தக் கிழவரைக் குளிப்பாட்ட வேற ஆள் வரும். நீ விழுந்தா உன்னை யாருடி குளிப்பாட்டுறது?"

டெல்ஃபின் சட்டைக் கையை இறக்கிவிட்டாள். வீடுகளுக்குப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை; காலை ஏழு மணிக்குத்தான் ஒரு வீட்டில் இரவு வேலையை முடித்து வந்திருந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் வர முடியாது என்று சொன்னதில்லை.

வெர்லின் நடத்தும் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம். தன்னைப் பற்றி மட்டும் பேச வேண்டும். டெல்ஃபின் எழுந்து பாவாடையை நீவிவிட்டாள்.

"என் வாழ்க்கைக்குத் தலையான ஆண்டவருக்கு முதல்ல ஸ்தோத்திரம். நம்ம போதகருக்கு, போதகரம்மாவுக்கு, மூப்பர்களுக்கு, பாடகர் குழுவுக்கு..."

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், அவர்கள் சபையில் இந்த நன்றிப் பட்டியலைச் சொல்லாமல் யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. அவள் தன் இரண்டு மகன்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது இரண்டு நிமிடம் முடிந்து மணி அடித்துவிட்டது.

"உன் பேச்சுல எல்லாரும் வந்துட்டாங்க, உன்னைத்தான் காணோம்!" என்றாள் பக்கத்திலிருந்த தோழி ஜெனீவா. கூடமே சிரித்தது. டெல்ஃபினும் சிரித்தாள்.

வெர்லின் சிரிக்கவில்லை. "மறுபடி. உன் பேர்லேர்ந்து ஆரம்பி. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்."

"என் பேரு டெல்ஃபின்."

அதற்குமேல் வரவில்லை. சமைத்தது, வளர்த்தது, தூக்கிவிட்டது எல்லாம் நினைவுக்கு வந்தன. அத்தனையும் வேறு யாருக்காகவோ செய்தவை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு... ரொம்பக் களைப்பா இருக்கு."

"ஆமென்" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். இன்னொன்றும் சொன்னது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் முடிந்ததும் பட்டை மறுபடி இறுகியது. நூற்று எழுபத்தாறு. வெர்லின் அவளையே பார்த்தாள்.

டெல்ஃபின் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "டெல்ஃபின் பேசுறேன். இன்னைக்கு வர முடியாது. ...இல்ல. நாலு மணிக்கும் முடியாது."

வைத்துவிட்டு, வழக்கம்போல் நாற்காலிகளை அடுக்க எழுந்தாள்.

"தொட்டே, கையை ஒடிப்பேன். உக்காரு. காரை எடுத்துட்டு வரேன்" என்று ஜெனீவா படியேறினாள்.

மற்ற பெண்கள் எல்லா நாற்காலிகளையும் சுவரோரம் அடுக்கினார்கள், அவளுடையதைத் தவிர. வெறுமையான கூடத்தின் நடுவில், மடியில் பையோடு, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் உட்கார்ந்திருந்தாள்.