மூன்று நாள் தாங்கும் பேட்டரி

என் கணவர் விழுந்து விழுந்து பார்க்கும் அனிமே ஒன்றில், ஒரு பெண் கண்ணை மறைக்கும் விஆர் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் வேறோர் உலகத்தில் சண்டை போடுகிறாள். சார்ஜர் கிடையாது, ஒயர் கிடையாது. செல்போன் சர்வீஸ் கடையில் நாள் முழுக்க பேட்டரி மாற்றுகிறவள் நான். என்னால் சும்மா இருக்க முடியுமா?

"ரெண்டு மணி நேரம் தாங்குனாலே பெரிய விஷயங்க. மூணு நாளுக்கு பேட்டரி வெச்சா அவ கழுத்து முறிஞ்சிடும்."

"உனக்குக் கதையை ரசிக்கவே தெரியல. செஞ்சு காட்டுறேன் பாரு," என்றார். வீம்புக்கு ஒரு குறைச்சலும் இல்லாத மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். அவர் தன் விஆர் கேம் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காதிலும் ஹெட்போன். பிடரிப் பக்கம் பட்டையோடு பழைய போன் பேட்டரிகளை டேப் சுற்றிக் கட்டியிருந்தார். எல்லாம் கடையில் நான் கழித்துப்போட்டவை. எப்போது எடுத்து வந்தாரோ. அறையில் இனிப்பாக ஒரு வாடை, நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் போல. உப்பின பேட்டரி கசிந்தால் அந்த வாடை வரும். அடுத்து வருவது நெருப்பு.

வெடுக்கென்று பிடுங்கவும் முடியாது. பேட்டரி மடங்கினால் அவர் தலையிலேயே வெடிக்கும்.

"அசையாதீங்க!" என்று கத்தினேன். காதில் விழவில்லை. பட்டையைத் தொட்டதும், விளையாட்டில் யாரோ பின்னாலிருந்து தாக்குவதாக நினைத்து, சிரித்துக்கொண்டே முழங்கையை வீசினார். என் தாடையில் பட்டது. டேப்புக்குள் ஏதோ 'உஸ்' என்றது.

"டேய், அசையாதடா!" மரியாதையெல்லாம் பறந்துபோனது.

முன்னால் ஓடி, அவர் முகத்தை ஹெட்செட்டோடு சேர்த்து என் வயிற்றில் அழுத்திப் பிடித்தேன். ஆள் யாரென்று புரிந்ததோ என்னவோ, ஒரு கணம் அடங்கினார். அதற்குள் பட்டையின் கொக்கியை விடுவித்து, மொத்தத்தையும் மெல்லத் தூக்கிப் பால்கனியில் வீசினேன். தரையில் பட்டதும் குபீரென்று எரிந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்து, போயிருப்பாரே, போயிருப்பாரே என்று வாய்விட்டு அழுதேன்.

அவர் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு மணி நேரம் ஓடிச்சு, தெரியுமா? பேட்டரி பழசு, அதான் இப்படி. உன் கடையில புதுசு கிடைக்கும்ல?"

பிடரியில் தோல் வெந்து சிவந்திருந்தது. அவர் கை இன்னும் அங்கே போகவில்லை.